ஒழுகிய மோட்டாரும் சூசை அண்ணனும்

சூசை அண்ணன் முதலில் வேட்டியைத்தான் விரித்தார்.

துவைத்து மடித்த வெள்ளை வேட்டி. உடுத்தியிருந்தது இல்லை, மோட்டார் வேலைக்கென்றே பையில் தனியாக வைத்திருப்பது. எங்கள் வாசல் பூவரச மரத்து நிழலில் அதை விரித்து, நாலு மூலையிலும் நாலு கல் வைத்தார். அப்புறம்தான் மோட்டாரைத் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். மாதா கோயில் பூசை முடிந்து கடலூர் முதுநகரிலிருந்து நேராக வந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தம்பி ஏழுமலை, இவரோடு ஒரே போட்டில் கடலுக்குப் போகிறவன், சுவரில் சாய்ந்து நின்றான். அக்கம்பக்கத்து ஆம்பளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. சாட்சிக்கு வந்தவர்கள்.

அன்று நாலு மணிக்கு ஊர்ப் பஞ்சாயத்து. சூசை மேஸ்திரியிடம் இந்த ஊர் போட் மோட்டார் எதுவும் வேலைக்குப் போகக்கூடாது என்று கட்டு போடச் சொல்லி முறையிட்டிருந்தது எங்கள் வீட்டுக்காரர்தான். எங்கள் பக்கம் பஞ்சாயத்தில் சொன்னால் சொன்னதுதான். மீறி ஒருத்தரும் ஒரு திருகாணியைக்கூட அவரிடம் கொடுக்க முடியாது. பக்கத்து ஊர்களுக்கும் சேதி போய்விடும். அவருக்குச் சோறு போட்டதே இந்தக் கரைதான்.

"மூணு தடவ சரி பண்ணிக் குடுத்துட்டேன் தம்பி. மூணு தடவையும் என் பட்டறைல ஒரு சொட்டு ஒழுகல. இன்னிக்கு உன் வாசல்ல, உன் கண்ணு முன்னாடி பிரிச்சிப் பாத்துடறேன். அப்புறம் பஞ்சாயத்துல என்னா சொல்றாங்களோ சொல்லட்டும்" என்றார் சூசை அண்ணன்.

"பாரு. நாலு மணி வரைக்கும் டைம் இருக்குது" என்றார் இவர்.

முதல் தடவை ஒழுகியபோது "அண்ணே" என்று கூப்பிட்டார். இரண்டாம் தடவை "மேஸ்திரி". மூன்றாம் தடவைக்குப் பிறகு "யோவ்" என்று ஆகிவிட்டது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆம்பளைகள் கூடிய இடத்துக்கு நான் வருவதில்லை. யாரும் வரக்கூடாது என்று சொன்னதில்லை. எனக்கு வராது, அவ்வளவுதான். தண்ணீர்ச் சொம்பைக்கூட ஏழுமலையிடம்தான் நீட்டுவேன்.

உள்ளே இருந்தது

மேல்கூட்டைத் தூக்கினதும் நான் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாக எங்களுக்குச் சோறு போடுகிற மோட்டார். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வெளியே பார்த்தால் பெயிண்ட் உரிந்து ஒரு பக்கம் நசுங்கிய பழைய சாமான். உள்ளே பார்த்தால் ஒயர், குழாய், ஸ்பிரிங், பித்தளை, ஒன்றின் இடுக்கில் இன்னொன்று, ஒரு இடம் காலியாக இல்லை. மீனை அரிந்தால் உள்ளே எல்லாம் எப்படி இடம் பார்த்து வைத்திருக்கும், அப்படி.

சூசை அண்ணன் ஒவ்வொன்றாகக் கழற்றி வேட்டியில் வரிசையாக வைத்தார். எந்த வரிசையில் கழற்றுகிறாரோ அந்த வரிசை. திருப்பி மாட்டும்போது கடைசியில் இருப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

உள்ளங்கை அளவில் ஒரு இரும்பை எடுத்தார். கார்பரேட்டர் என்றார். பெட்ரோலும் காற்றும் அங்கேதான் கலக்குமாம். அதன் அடியைத் திறந்தால் ஒரு குட்டிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு மிதப்பு, நம் வலையில் கட்டுகிற மிதப்பு மாதிரியேதான். மிதப்பின் தலையில் ஒரு ஊசி.

"பெட்ரோல் நெறஞ்சா மெதப்பு ஏறும். ஊசி போய் வழிய அடைச்சிடும். கொறஞ்சா எறங்கும். வழி தொறக்கும். இதுலதான் ஒழுகும், ஒழுகறதா இருந்தா" என்று சாட்சிக்காரர்களுக்குச் சொன்னார்.

யாரும் சொல்லாமல் தானே போதும் என்று சொல்லிக்கொள்கிற கிண்ணம். மனுஷனுக்கே அது வராது. இத்தனூண்டு கிண்ணத்தை நம்பித்தான் இவரும் ஏழுமலையும் கரை மறைகிற தூரம் போய் வருகிறார்களா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் என்று சொல்ல முடியாது. தேர் வடத்தில் கை வைத்தால் வருமே, அந்த மாதிரி.

அவர் ஊசியை நகத்தில் தேய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினார், மறுமுனையைத் தண்ணீரில் விட்டு. ஒரு குமிழி வரவில்லை.

"ஊசி பழசு. ஆனா குத்தமில்ல" என்றார்.

"குத்தமில்லாமதான் என் மீசை போச்சா?" என்றான் ஏழுமலை.

மீசைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மோட்டார் எங்களிடம் வந்ததைச் சொல்ல வேண்டும்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில்

சுனாமிக்குப் பிறகு ஊரில் பலருக்கும் ஃபைபர் போட் கிடைத்தது. எங்களுக்குப் போட் கிடைத்தது, மோட்டார் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தெரியாது. கேட்க இவருக்குப் பிடிக்காது. ஆறு ஏழு மாசம் துடுப்புதான். இவர் தோள் இரண்டும் ராத்திரியில் தூங்காது.

அப்போது கிள்ளைப் பக்கம் ஒருத்தர் பழைய மோட்டாரைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று சேதி வந்தது. இவரும் நானும் போனோம். வாங்கிச் சிதம்பரம் வரைக்கும் ஒரு மாட்டு வண்டியில் கொண்டுவந்துவிட்டோம். அங்கே கடலூர் பஸ் கண்டக்டர், "பெட்ரோல் நாத்தம் அடிக்குது, ஏத்த மாட்டேன்" என்றுவிட்டார். அடுத்த பஸ்ஸும் அப்படியே. நான் பையில் கொண்டுபோயிருந்த மாற்றுப்புடவையால் மோட்டாரைத் தலை முதல் கால் வரை சுற்றினோம். பெஞ்சில் நிமிர்த்தி வைத்து, சாயாமல் இருக்க என் தோளில் சாய்த்துவிட்டு, இவர் டெம்போ ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனார்.

கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. சிதம்பரம் வரை வந்துவிட்டுச் சாமியைப் பார்க்காமல் மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு வயசான அம்மா வந்து உட்கார்ந்தார். தரிசனம் முடித்துவிட்டு வருகிறவர். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார்.

"ஒடம்பு முடியலயாம்மா?"

மோட்டார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

"ஒங்க மாமியாரா?"

அதற்கும் ஆட்டினேன்.

"ஐயோ பாவம்" என்று சுருக்குப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து, புடவைக்கு மேலேயே நெற்றி இருக்கும் என்று அவர் நினைத்த இடத்தில் பூசினார். பூசின கை அப்படியே நின்றது.

"சில்லுன்னு இருக்குதேம்மா" என்றார்.

பிறகு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். டெம்போ வந்து நாங்கள் மோட்டாரைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டதை அவர் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் திருநீறு என் மனசில் நின்றுவிட்டது. எங்கள் மோட்டாருக்கு முதல் திருநீறு சிதம்பரத்துத் திருநீறு. அது வெறும் இரும்பு இல்லை என்று அன்றே எனக்குப் பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை

அதனால் வெள்ளிக்கிழமை தோறும் மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். வெள்ளிக்கிழமை தொழிலுக்கு லீவு, போட் கரையில் நிற்கும். போய் வைத்துவிட்டு வருவேன். கற்பூரம் மட்டும் காட்ட மாட்டேன். பெட்ரோல் பயம்.

மோட்டார் மேல் வைக்கிற பொட்டு அடுத்த நாள் ஒரே அலையில் கரைந்துவிடும். அதனால் பெட்ரோல் கேன் மூடியில் வைக்க ஆரம்பித்தேன். பழைய டேங்க் துருப்பிடித்துவிட்டதால் சூசை அண்ணன் ஒரு பிளாஸ்டிக் கேனில் ரப்பர் குழாய் மாட்டி மோட்டாருக்கு இழுத்துக் கொடுத்திருந்தார். கேன் போட்டின் பின்பக்கம் உள்ளடங்கி இருக்கும், அலை அவ்வளவாகப் படாது. மூடியின் நட்டநடுவில் ஒரு புள்ளி வேறு இருந்தது. பொட்டு வைக்கத் தோதான இடம்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் ஒழுகல் ஆரம்பித்தது. வெயில் ஏறினால் மோட்டாரின் அடியில் பெட்ரோல் சொட்டும். போட்டில் கால் வைத்தால் வழுக்கும். மீன் கூடையில் பெட்ரோல் வாசனை. முதுநகர் மார்க்கெட்டில் ஒரு பொம்பளை கெளுத்தியை மோந்து பார்த்துவிட்டு, "இத பொரிக்க வேணாம், தீக்குச்சி கிழிச்சா போதும்" என்றாள்.

இன்னொரு கோளாறும் இருந்தது. நடுக்கடலில் மோட்டார் மூச்சு வாங்குகிற மாதிரி வாங்கி நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று கேன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால் மறுபடி ஓடும். "அதுக்கு அப்பப்ப மொகத்தைக் காட்டணும் மாமா" என்று ஏழுமலை சிரிப்பான்.

சூசை அண்ணனிடம் கொண்டுபோனார்கள். வாஷர் மாற்றி, குழாய் மாற்றி, எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாகக் கொடுத்தார். கேன் மூடியையும் துடைத்திருந்தார். பொட்டில்லாமல் வெறும் மூடியாக வந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கொஞ்சம் ஜாஸ்தியாகவே வைத்தேன்.

மறுபடி ஒழுகியது. மறுபடி அவர் துடைத்துக் கொடுத்தார். நான் இன்னும் கெட்டியாக வைத்தேன்.

மூன்றாம் தடவை, பொட்டு நிற்காமல் போவதால்தான் இந்தச் சோதனை எல்லாம் என்று எனக்குள் நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்குக் குங்குமம் நிற்பதற்கு நெற்றியில் முதலில் மெழுகு தடவுவார்கள். அதேபோல் மூடியின் நடுவில் மெழுகைத் தேய்த்து, அதன் மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டது. நல்ல பொட்டு. எனக்குத் திருப்தி.

அடுத்த நாள் வெயில் வந்த பிறகு ஏழுமலை போட்டில் ஏறி மோட்டார் கயிற்றை இழுத்தான். அடியில் தேங்கியிருந்த பெட்ரோல் குப்பென்று பற்றிக்கொண்டது. இவர் ஈர வலையைத் தூக்கி மேலே போட்டு அணைத்தார். ஏழுமலைக்கு ஒரு புருவமும் பாதி மீசையும் போயிற்று. கண் தப்பியது அவன் அம்மா, என் அம்மாவும்தான், செய்த புண்ணியம்.

மீதிப் பாதியை மழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு திரிந்தான். "ஏன்டா மச்சான் இந்தக் கோலம்?" என்று கேட்டவர்களிடம், "சூசை மேஸ்திரிகிட்ட காட்டணும், அதுக்குத்தான்" என்றான். இவர் அன்றைக்கே பஞ்சாயத்தாரிடம் போய்விட்டார். "புது வாஷர்னு சொல்லிட்டுப் பழசை மாட்டியிருக்கான், எங்க மச்சான் கண்ணு போயிருக்கும்" என்று.

கேனைக் கொண்டா

வாசலில் சூசை அண்ணன் எல்லாவற்றையும் திருப்பி மாட்டிவிட்டார். ஒரு பாட்டிலில் பெட்ரோல் எடுத்து மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து மோட்டாருக்குக் குழாய் கொடுத்தார். மோட்டார் அடியில் ஒரு செய்தித்தாளைப் போட்டார்.

"பீடியக் கீழ போடுங்கப்பா" என்றார். போட்டார்கள்.

அரை மணி நேரம் ஆயிற்று. தாளில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"உன் பாட்டில்ல ஒழுகாதுய்யா. எங்க கேனை மாட்டு. மச்சான், கேனைக் கொண்டா" என்றார் இவர்.

காலையிலிருந்து வெயிலில் கிடந்த கேனை ஏழுமலை தூக்கிவந்து நிழலுக்கு வெளியிலேயே வைத்தான். நாலு பக்கமும் கொஞ்சம் உப்பினாற்போல இருந்தது. சூசை அண்ணன் குழாயை மாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டப்பென்று தாளில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிற்காமல்.

ஒருத்தர் சிரித்தார். "பாத்தியா?" என்றார் இவர். சந்தோஷமாக இல்லை அந்தக் குரல். அவருக்கும் மோட்டார்தான் வேண்டும்.

சூசை அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. கேன் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். எங்கள் கதவு வரைக்கும் கேட்டது. சத்தம் வந்ததும் சொட்டு நின்றுவிட்டது.

அவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். வாயில் வைத்து ஊதினார். போகவில்லை. நகத்தால் நடுவில் சுரண்டினார். நகத்தில் சிவப்பாக மெழுகு வந்தது.

அப்படியே தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். ஒரு நொடிதான்.

பிறகு பையிலிருந்து ஒரு தையல் ஊசியை எடுத்து மூடியின் நடுவில் குத்தி எடுத்தார். மூடியை வேட்டியின் ஓரத்தில் துடைத்தார்.

"என் தப்புதான் தம்பி. நான்தான் சரியா கவனிக்கல" என்றார்.

"ஒத்துக்கிட்டான்பா" என்றார் சாட்சிக்கு வந்தவர்களில் ஒருத்தர்.

எண்ணெய் டின்

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு எண்ணெய்க் கடையில் நான் ஒருதடவை நின்று பார்த்திருக்கிறேன். புது டின்னில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் விக்கி விக்கி வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக இறங்கும். "ஒண்ணு எண்ணெய்க்கு, ஒண்ணு காத்துக்கு" என்றார் கடைக்காரர்.

புஸ்ஸென்ற சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மூடியின் நடுவில் இருந்த புள்ளி பொட்டு வைக்கிற இடம் இல்லை. அது காத்துக்கு. அதைச் சந்தனத்தால் அடைத்து, குங்குமத்தால் அடைத்து, போதாதென்று மெழுகாலும் அடைத்திருக்கிறேன். வெயிலில் உள்ளே பொங்கினது போக வழியில்லாமல் குழாய் வழியாகத் தள்ளி, மிதப்பு ஊசியையும் மீறி ஒழுகியிருக்கிறது. காற்று உள்ளே போக வழியில்லாமல்தான் நடுக்கடலில் மோட்டார் மூச்சு வாங்கி நின்றிருக்கிறது. என் தம்பியின் கண்ணைக் குருடாக்கப் பார்த்தது நான்.

அந்த மனுஷனுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை.

நான் எப்போது கதவைத் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. மரத்தடியில் நின்றிருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓட்டைய அடைச்சது நான்" என்றேன்.

"என்னா ஓட்டை?" என்றார் இவர்.

"மூடி ஓட்டை. மெழுகு வெச்சிப் பொட்டு வெச்சேன். வெள்ளிக்கெழம."

"பொட்டு வெச்சா பெட்ரோல் ஒழுகுமா? உள்ள போ."

"விடும்மா தங்கச்சி" என்றார் சூசை அண்ணன் மெதுவாக.

நான் உள்ளே போகவில்லை. சூசை அண்ணன் கையிலிருந்த மூடியை வாங்கிக் கேனில் திருகினேன். நடுவில் இருந்த ஓட்டை மேல் என் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன்.

உச்சி வெயில். மணல் சுட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு பானைச் சோறு பொங்குகிற நேரம் இருக்கும். விரலுக்கு அடியில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு லேசாகக் குறுகுறுத்தது. பிறகு உள்ளிருந்து யாரோ என் விரலைத் தள்ளினார்கள். நிஜமாகவே தள்ளினார்கள். வயிற்றுப் பிள்ளை உதைக்கிற மாதிரி என்று சொன்னால் பெண்களுக்குப் புரியும்.

டப். தாளில் ஒரு சொட்டு.

இன்னொன்று. இன்னொன்று.

விரலை எடுத்தேன். புஸ்ஸென்றது. சொட்டு நின்றது.

மறுபடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி சொட்டியது. எடுத்தேன், நின்றது. கடலில் இரண்டு ஆம்பளைகளை இழுத்துக்கொண்டு போகிற அந்த இரும்பு, என் ஒரு விரலுக்குக் கட்டுப்பட்டு ஒழுகுகிறது, நிற்கிறது. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் இல்லை. வெட்கம் அப்போது எங்கே போயிருந்ததோ.

இவர் கட்டிலை விட்டு எழுந்து வந்தார். என் கையை நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்தார். துடுப்புப் பிடித்துக் காய்த்துப் போன விரல். தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

"தள்ளுதுடா மச்சான்" என்றார்.

ஏழுமலை எட்டிப் பார்த்தான். "அப்ப என் மீசைய எடுத்தது எங்கக்காவா?" என்றான். "போச்சு. இனிமே யாரு மேல கேசு போடறது?"

அவன் சிரித்ததும்தான் மற்றவர்களும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. சூசை அண்ணனைப் பார்த்து, "அண்ணே" என்றார்.

நாலு மணி

மாரியம்மன் கோயிலுக்கு எதிரே கீற்றுக் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. நான் வரவில்லை என்றேன். "நீ வா" என்றார் இவர். வந்து பொம்பளைகளோடு ஓரத்தில் நின்றேன்.

"வாபஸ் வாங்கிக்கிறேன் தலைவரே" என்றார் இவர்.

"ஏன்யா? நீதான குதிச்ச?"

"என் சம்சாரம் சொல்லும்."

கொட்டகையே திரும்பியது. மத்தியானம் இருந்த தைரியத்தில் பாதிகூட இல்லை. மூடியை, மெழுகை, பொட்டைச் சொன்னேன். தப்பு என்னுது என்று முடித்தேன்.

சூசை அண்ணன் எழுந்துவிட்டார். "இல்ல தலைவரே. ஓட்டை போட்டவன் நான். அது எதுக்குன்னு அவுங்க வூட்ல ஒரு வார்த்தை சொல்லல. மூணு தடவையும் அந்தப் பொட்டைத் தொடச்சதும் நான்தான். தொடச்சனே ஒழிய, என்னாத்த அடைச்சிருக்குன்னு பாக்கல. வேலைக்காரன் கண்ணுக்கு அது தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்காக அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசார அப்படித்தான் நினைத்திருந்தார்.

தலைவர் தலையைச் சொறிந்தார். "இத்தினி வருசமா குத்தம் அவனுதுன்னுதான் வருவானுங்க. ரெண்டு பேரும் என்னுது என்னுதுன்னா நான் யாருக்குக் கட்டு போடறது?"

"அம்மன நெனச்சி வெச்ச பொட்டு, அதப் போய் அடைச்சுதுன்னு சொல்லலாமா?" என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

"அம்மன் ஓட்டை மேல வெக்கச் சொன்னாளாய்யா?" என்றார் தலைவர். பிறகு பொம்பளைகள் பக்கம் திரும்பி, "வேற யாரு வூட்ல கேன் மூடிக்குப் பொட்டு வெக்கிறீங்க?" என்றார்.

என் பக்கத்தில் நின்றவள் என் புடவையை இழுத்தாள். அவள் இடுப்பைக் கிள்ளினாள் அடுத்தவள்.

எல்லோரும் கரைக்குப் போனோம். பதினோரு போட் நின்றது. நாலு மூடியில் பொட்டு. ஒன்றில் சந்தனம், இரண்டில் குங்குமம், ஒன்றில் கடையில் விற்கிற ஒட்டுப்பொட்டு. "எங்க மோட்டாரும் நடுவுல நிக்குது, பேய்னு நெனச்சோம்" என்றார் ஒருத்தர். சூசை அண்ணன் ஊசியோடு போட் போட்டாக ஏறினார். எங்கள் வீட்டுக்காரர் முன்னால் போய் மூடியைக் கழற்றிக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். காலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஆள்.

"அப்ப எங்கதாண்ணே பொட்டு வெக்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மூடிக்குப் பக்கத்துல வையேம்மா. உங்க சாமிக்கு இடமா இல்ல?" என்றார் அவர்.

மறுநாள் கிழக்கு வெளுக்கிற நேரம் இவர் போட் தள்ளப் போனார். நான் சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். "இந்தா, நில்லு" என்றார். கேன் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை நான். வாங்கி வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து தொழில் விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை அவர். அன்றிலிருந்து, அவர் கடலுக்குப் போன கடைசி நாள் வரைக்கும், அந்த மூடியை என்னிடம் காட்டாமல் போட்டைத் தள்ளியதில்லை. ஏழுமலை கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்து நிற்பான். அலைச்சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கத்தான் சொல்லுவேன்.

"போலாம்."